கைவிட்ட ஆழ்துளைக் கிணறும் நிலத்தடி நீரும்: ஒரு நிபந்தனையின் வியாக்கியானம்

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளைக் குறித்து உச்சநீதிமன்றம் 2010 பிப்ரவரி 11 அன்று பிறப்பித்து, அவ்வாண்டு ஆகஸ்டில் திருத்தியமைத்த நெறிமுறைகள், குழந்தைகளின் உயிரைக் காப்பதோடு நிலத்தடி நீரின் தூய்மையையும் காக்கப் போதுமானவை என்பது முந்தைய ஆய்வாளர் சிலரின் அபிப்பிராயம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தைப் பொறுத்தமட்டில் அதனை நான் ஏற்பதற்கில்லை.

விவாதத்துக்குரியது ஒரே நிபந்தனை. கைவிட்ட துளையைக் களிமண், மணல், பாறைக்கல், கூழாங்கல், துளையிடுகையில் வெளிவந்த தூள் முதலியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பவேண்டும் என்பது அதன் சாரம். முழு ஆழமும் நிரம்பிய பின் அசுத்த நீர் இறங்க வழியேது என்று முந்தையோர் வாதிப்பர். ஆனால் நீரைத் தடுக்கும் களிமண்ணும் நீரைத் தாராளமாக விடும் மணலும் அந்த வரிசையில் சம அந்தஸ்துடன் நிற்கின்றன. கூழாங்கல் நிரம்பிய துளைக்குள் குழந்தை விழாது, நீர் விழும். பிள்ளைகளின் மரணத்தைத் தடுக்கவே எழுந்த வழக்கில் இந்த வரிசை அதன் உத்தேசத்துக்குப் பொருத்தமானதே. நீர்க்காப்பு அதன் உத்தேசமாக இருந்ததென்பதற்கு நிபந்தனையின் வாசகத்தில் ஆதாரம் எதையும் நான் காணவில்லை.

இவ்வட்டாரத்தின் பெயராலேயே வழங்கும் மேல்கோண்டுவானாப் படிவத்தில் களிப்பாறையும் களிமண்ணும் மணற்பாறையும் கலந்து கிடக்கின்றன. மேல்நீரையும் கீழ்நீரையும் பிரிக்கும் களிப்படுகை எங்கெங்கு உண்டோ, அங்கங்கே ஆறரை அங்குலத் துளை ஒவ்வொன்றும் அதில் போட்ட ஓட்டையாகும். தண்ணீர் இல்லையென்று கண்டதும் கேசிங் குழாயை உருவி வேறிடத்துக்குக் கொண்டுபோகும் வழக்கமும் உண்டாதலால், மேல்மண் சரிந்து, துளையின் வாய் மறைந்து, வழி மட்டும் எஞ்சிவிடுகிறது. அதில் மணலைக் கொட்டுவது அவ்வழியை நிரந்தரமாக்குவதேயன்றி அடைப்பதாகாது. களிமண்ணையும் மேலிருந்து வாரிப் போட்டால், அது நடுவழியில் சிக்கி அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் விடும். சிமெண்டுக் குழம்பையோ பெண்டோனைட்டுக் குழம்பையோ மெல்லிய குழாய் வழியே அடியிலிருந்து மேல்நோக்கி ஏற்றுவதே முறை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய அடைப்பு விதியாகவே இருக்கிறது.

செலவு மிகும் என்பார்க்கு ஒரு கணக்கே போதும்: 300 அடி ஆழமுள்ள ஆறரை அங்குலத் துளையின் கொள்ளளவு ஏறத்தாழ 2 கனமீட்டர்தான்.

2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து குழந்தை இறந்த துயரத்துக்குப் பின், கைவிட்ட துளைகளை மழைநீர் சேகரிப்புக்கு மாற்றும் யோசனை அரசாலேயே முன்வைக்கப்பட்டது. கூரைநீரை வடிகட்டி இறக்குமிடங்களில் அது நன்மை தரக்கூடும். ஆயின் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம்–வடகால் சிப்காட் பூங்காக்களின் சாலைகளிலும் லாரி நிறுத்தங்களிலும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு ஓடிவரும் வெள்ளத்தை, மண்ணின் வடிகட்டலுக்கு இடமின்றி நேரே ஆழத்துக்கு அனுப்புவது, நீரைப் பெருக்கும் பெயரால் நீரைக் கெடுப்பதாகும் என்றே உறுதியாக நம்புகிறேன்.

கிணறு கைவிடப்படும்போது சான்றிதழ் பெறவேண்டுமென அந்நெறிமுறைகளே விதித்திருக்கின்றன. களிப்படுகை எந்த ஆழத்தில் தென்பட்டது, அவ்விடத்தில் எப்பொருள் எவ்வாறு இறக்கப்பட்டது, குழாய் உருவப்பட்டதா என்னும் மூன்றும் அச்சான்றிதழில் பதிவாகவேண்டும். முதலாவதற்கு விடை, துளையிட்ட அன்றே போர் வண்டிக்காரருக்குத் தெரியும்.