மாதம் அஞ்சு ரூபாயும் ஒரு ஆக்சுவரி கணக்கும்

பெங்களூரிலிருந்து பஸ்ஸில் ஊருக்குப் போகிற நம்மவர்களுக்கு பொம்மசந்திராவைத் தெரியாமல் இருக்காது. எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் ஓசூர் ரோட்டில் நாராயண ஹ்ருதயாலயா வரும். டாக்டர் தேவி ஷெட்டியின் ஆஸ்பத்திரி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு பெரிய இன்சூரன்ஸ் பரிசோதனைக்கு அங்கே விதை விழுந்தது என்பது மட்டும் ரொம்ப நாள் தெரியாது. தெரிந்துகொள்ள வைத்தவர் எங்கள் கிளைக்கு வந்த ஒரு பெரியவர்.

2023இல் நடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ரிட்டயர் ஆகி மகனோடு இங்கே இருக்கிறார். கையில் மெடிக்ளெய்ம் ரெனியூவல் நோட்டீஸ். பிரீமியம் ஒன்றரை மடங்கு ஏறியிருந்தது. அந்தப் பாலிசியை அவருக்கு விற்றவன் சாட்சாத் அடியேன்தான்.

"ஏழு வருஷமா ஒரு பைசா கிளெய்ம் பண்ணலையே சார், எதுக்கு ஏத்தியிருக்கான்?"

"வயசு கூடுதில்லையா சார்" என்றேன்.

"வயசு எல்லாருக்கும்தான் கூடுது. இந்த வருஷம் எனக்கு மட்டும் பத்து வயசு கூடிடுச்சா?"

பதில் இல்லை என்னிடம். பி.காம். படித்து, இருபது வருஷம் வட்டிக் கணக்கு போட்டவனுக்கு, தான் விற்கிற சரக்கின் விலை எப்படி வருகிறது என்று தெரியவில்லை. அவர் நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி தேட ஆரம்பித்ததில் வந்து நின்ற இடம்தான் யஷஸ்வினி.

பிரீமியத்தைக் கணக்குப் போடுகிறவருக்கு ஆக்சுவரி என்று பெயர். இந்தத் தொழிலின் வேர் பழையது. 1693இல், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்து எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று பட்டியல் போட்டார். ஆயுள் காப்பீட்டுக்கு அது போதும், மனிதன் ஒரு தடவைதான் சாகிறான். நோய் அப்படியில்லை. எத்தனை தடவை வரும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவான், பில் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் நாட்டில் அரசு இன்சூரன்ஸ் கம்பெனிகள் மெடிக்ளெய்ம் கொண்டுவந்ததே 1986இல்தான். அதுவும் பெரும்பாலும் பட்டணத்துச் சம்பளக்காரர்களுக்கு.

கிராமத்து விவசாயிக்கு? அங்கேதான் தேவி ஷெட்டியின் யோசனை வருகிறது. பால் சங்கம், கடன் சங்கம் என்று கர்நாடகம் முழுக்க கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. உறுப்பினர் பட்டியலும் இருக்கிறது, பணம் வசூலிக்க ஆளும் இருக்கிறது. தலைக்கு மாதம் ஐந்து ரூபாய், வருஷத்துக்கு அறுபது. மாநில அரசும் ஒரு பங்கு போட்டது. 2002 நவம்பரில் தொடக்கவிழா, 2003 ஜூனில் அமல். இன்சூரன்ஸ் கம்பெனி கிடையாது. ஒரு அறக்கட்டளையே பணத்தை வாங்கி, ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தது.

ஐந்து ரூபாயில் எப்படி முடிந்தது? முதலில், காய்ச்சல் தலைவலிக்குக் காப்பீடு இல்லை, பட்டியலில் உள்ள ஆபரேஷனுக்கு மட்டும். காய்ச்சல் ஆயிரம் பேரில் எல்லாருக்கும் வரும், ஆபரேஷன் சிலருக்குத்தான். ஊசி போட்டதாகப் பொய் பில் எழுதுவது சுலபம், வயிற்றைக் கிழித்ததாக எழுதுவது கஷ்டம். அடுத்தது, ஆஸ்பத்திரிகள் குறைந்த பேக்கேஜ் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டன. தியேட்டர் காலியாகக் கிடந்தாலும் டாக்டர் சம்பளமும் கரண்ட் பில்லும் ஓடும். கூடுதலாக ஒரு நோயாளி வந்தால் மருந்துச் செலவுக்கு மேல் வருவதெல்லாம் லாபம். இன்சூரன்ஸ் பக்கம் பிரீமியம் போடுகிற அதே ஆக்சுவரி, ஆஸ்பத்திரி பக்கம் உட்கார்ந்தால் போடுகிற கணக்கு இது.

முதல் வருஷம் சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். 16 லட்சத்தை அறுபதால் பெருக்கினால் 9.6 கோடி. நடந்த ஆபரேஷன் சுமார் 9,000, செலவு பத்து கோடிக்கு மேல். சந்தா மட்டும் பத்தவில்லை, அரசு பணம் கைகொடுத்தது. இரண்டாம் வருஷம் உறுப்பினர் சுமார் 20 லட்சம், ஆபரேஷன் சுமார் 15,000. எனவே மூன்றாம் வருஷம், 2005இல், சந்தாவை 120 ஆக்கினார்கள்.

உறுப்பினர் எண்ணிக்கை 15 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. ஆபரேஷன் மட்டும் 19,000ஐத் தாண்டியது!

ஆயிரம் பேருக்கு எத்தனை ஆபரேஷன் என்று வகுத்துப் பாருங்கள். முதல் வருஷம் ஐந்தாறு, அடுத்தது ஏழெட்டு, மூன்றாவது பதின்மூன்று போல. திட்டம் பழகிவிட்டதால் கூடுதலாக வந்தவர்களும் அதில் உண்டு. ஆனால் விலை ஏறியதும் முதலில் விலகுகிறவர் திடமாக இருக்கிறவர்தான். "நமக்கு எதுக்கு" என்று போய்விடுவார். கல்லீரலில் கட்டி இருக்கிறவர் கடன் வாங்கியாவது கட்டுவார். மிச்சம் இருப்பவர்களுக்குச் செலவு கூடும், அதனால் விலை மறுபடி ஏறும், மறுபடி சிலர் விலகுவார்கள்.

நம்மூர் சீட்டில் கடைசிவரை எடுக்காதவனுக்குப் பணம் கசரோடு வரும். இந்தச் சீட்டில் எடுக்காதவனுக்கு ஒன்றும் வராது. அவன் பணத்தில் யாரோ ஒருவர் பிழைத்திருப்பார். அதைச் சொல்லி விற்காததுதான் என் தப்பு.

2009இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது முழுப் பிரீமியத்தையும் அரசே கட்டியது. சந்தா பார்த்து விலகுகிற பேச்சே இல்லை, அந்தச் சிக்கலும் இல்லை. யஷஸ்வினியோ சந்தாவும் அரசு பணமுமாக ஓடி, 2018இல் ஆரோக்கிய கர்நாடகாவில் கலந்தது. பிறகு தனித் திட்டமாகவே திரும்ப வந்துவிட்டது.

பெரியவருக்கு வருகிறேன். கெடு முடிய நாள் இருந்தது. போன் போட்டு இந்தக் கணக்கை எல்லாம் சொன்னேன். "நீங்க விலகினா, உங்களை மாதிரி கிளெய்ம் பண்ணாதவங்க ஒருத்தர் குறைவாங்க சார். அதோட ஏழு வருஷத் தொடர்ச்சியும் போயிடும். நாளைக்குப் புதுசா எடுத்தா பழைய நோய்க்கு மறுபடி காத்திருக்கணும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கணக்கு புரியுது சார். என் பென்ஷன் ஏறலையே" என்றார்.

கடைசியில் காப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் புதுப்பித்துக்கொண்டார். 2025 ஜனவரியில் காப்பீட்டு ஆணையம், அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது. அவருக்கு அது இரண்டு வருஷம் லேட்.

ஊரில் அப்பா அம்மாவுக்குப் பாலிசி எடுத்திருப்பவர்கள் இந்தத் தடவை நோட்டீஸ் வந்தால் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். கெடு தேதியைப் பாருங்கள். கட்ட முடியவில்லை என்றால் தொகையைக் குறையுங்கள், தொடர்ச்சியை மட்டும் விடாதீர்கள்.