கலங்கல் நீரும் மர்மலாங் பாலமும்

குடமுழுக்கு மலருக்குக் கட்டுரை வேண்டுமென விழாக் குழு அன்பர்கள் பணித்தார்கள். செம்பரம்பாக்கத்தாருக்கு ஏரியின் பெருமையைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே, கலங்கல் தாண்டிய நம் நீர் அடையாற்றோடு கலந்து போகும் வழியில் நின்ற ஒரு பாலத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

சைதாப்பேட்டையில் 1726ஆம் ஆண்டு கோஜா பெத்ரஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர், சொந்தப் பணம் 30,000 வராகன் செலவிட்டுப் பல வளைவுகள் கொண்ட மர்மலாங் பாலத்தைக் கட்டினார். பரங்கிமலைக்குத் தொழச் செல்வோர் ஆற்றில் இறங்காமல் கடக்கட்டும் என்பது அவர் எண்ணம். மலையேறப் படிகளும் அமைத்தார். அவர் வணங்கிய தெய்வம் வேறு. அறம் வேறா என்ன?

குளம் தொட்டவனோடு வழி சமைத்தவனையும் சேர்த்தே சுவர்க்கத்துக்கு அனுப்புகிறது சிறுபஞ்சமூலம். நம் பக்கத்து ஊராகிய குன்றத்தூர் தந்த சேக்கிழார் பெருமானோ, தண்ணீர்ப் பந்தலும் குளமும் அமைத்து அவற்றுக்குத் தம் பெயரை இடாமல் திருநாவுக்கரசர் பெயரையே இட்ட அப்பூதியடிகளைக் காட்டுகிறார். அந்த அடக்கம் உஸ்கானிடம் இல்லைதான். பாரசீகம், அர்மீனியம், இலத்தீன் என மூன்று மொழியில் கல்வெட்டு வைத்தார். அதில் தமிழ் இல்லை. பாலத்தில் நடந்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்!

ஆனால் அடியேனை வணங்க வைப்பது வேறொன்று. பாலத்தின் பராமரிப்புக்கென்று 1,500 வராகனைத் தனியே வைத்துவிட்டுப் போனார் அவர். இது நம் முன்னோர் நன்கறிந்த நெறி. நந்தாவிளக்குக்கு ஆடுகளைக் கொடுத்தபோது 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள். கிடாய் சாகும், குட்டி பிறக்கும். கொடுத்த எண்ணிக்கை குறையக்கூடாது, நெய் நிற்கக்கூடாது. உத்திரமேரூர்ச் சபையும் ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்றே ஒன்றை வைத்திருந்தது. வெட்டியதோடு கடமை தீர்ந்ததாக அவர்கள் கருதவில்லை.

பழைய வளைவுகள் 1960களில் போய், அங்கே மறைமலை அடிகள் பாலம் வந்தது. 2015 டிசம்பர் 1ஆம் நாள் நம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு பெருகி அந்தப் பாலத்திலும் போக்குவரத்து நின்றது.

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்டு பார்க்க ஓடும் தம்பிமார்களே, விடுமுறை நாளில் ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்களை ஒருமுறை நடந்து பாருங்கள். குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம்: திருப்பணி நிதியில் மிஞ்சுவதை அன்னதானத்தோடு செலவழித்துவிடாமல், கோயில் குளத்தைத் தூர்வார வைப்புநிதியாக வங்கியில் போட்டு, வட்டியை மட்டும் எடுங்கள்.