திகளர்

பெங்களூரு கரகத் திருவிழா வந்தால் தமிழ்ச் செய்திகளில், அதை நடத்தும் சமூகத்தின் பெயராக ‘திகளர்’ என்ற சொல்லும் வந்துவிடும். ‘தோட்டக்காரர் என்று பொருள்’ என யாராவது விளக்கமும் எழுதிவிடுவார்கள். தொழில் பின்னால் ஒட்டிக்கொண்டது. பழங்கன்னடத்தில் திகுளர் என்றால் தமிழர். 1901 சென்னை மாகாணக் குடிமதிப்பு அறிக்கை, வன்னியரைக் கன்னடர் அழைக்கும் பெயர் என்று இதைக் குறிக்கிறது. மொழியைச் சுட்டிய சொல் சாதியாயிற்று. பெங்களூரைச் சுற்றிய காய்கறி, பூந்தோட்டங்களால் தொழிலுமாயிற்று. இன்று அவர்களில் பலருக்கு வீட்டில் தமிழே இல்லை. பெயரில் மட்டும் இருக்கிறது! ‘குடியானவர்’ என்று எழுதலாமா? உழவு வரும், குடிபெயர்ந்த கதை வராது. திகளர் என்றே எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. குடிபெயர்ந்த முன்னோரைத் தேடுவோருக்கும் இந்தப் பெயர்தான் மிஞ்சுகிறது. சுவீடனிலிருந்து அமெரிக்கா போன உழவர்களை அவர்களின் பேரப்பிள்ளைகள் தேவாலயப் பங்குப் பதிவேடுகளிலும், 72 ஆண்டு கழித்துத் திறக்கப்படும் குடிமதிப்புத் தாள்களிலும் ஆள்பெயரோடு கண்டுபிடிக்கிறார்கள். இந்தியாவிலோ தனியாள் விவரம் 1948 குடிமதிப்புச் சட்டப்படி வெளிவராது. குடிமதிப்பு அறிக்கையில் கிடைப்பது சாதிப்பெயர்தான். திகளர் வீட்டுப் பிள்ளைகளே, பரணில் பழைய நிலப்பத்திரம் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்; தாத்தாவின் பெயர் அதில் இருக்கலாம்.