எஃகுக் கைத்துப்பாக்கியின் நீடிப்பு: மணியாச்சியிலிருந்து இச்சாப்பூர் வரை

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கியால். அதற்கு முன்பே, 1909 டிசம்பர் 21இல் நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொல்லப் பயன்பட்டதும் லண்டனிலிருந்து ரகசியமாக வந்த பிரௌனிங்தான். ரிவால்வரின் பருத்த உருளை இதில் இல்லை. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடங்கியதால் தட்டையாக இருந்தது; உடைக்குள் மறைக்க எளிது. பகத்சிங்கும் சந்திரசேகர ஆசாத்தும் வைத்திருந்த .32 கோல்ட் துப்பாக்கிகளும் அந்தப் பிரௌனிங்கின் வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வகுத்தவையே. ஆசாத்தின் துப்பாக்கி அலகாபாத் அருங்காட்சியகத்தில் உள்ளது. இந்திய நினைவில் கைத்துப்பாக்கி எஃகாகவே பதிந்ததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

பிரௌனிங் 1926இல் இறந்தார். அவர் தொடங்கிய 9 மி.மீ. துப்பாக்கியை பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தைச் சேர்ந்த தியூதொனே சைவ் முடித்தார்; 1935இல் வெளிவந்த அதில் 13 தோட்டாக்கள் கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் கனடாவின் இங்கிலிஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. அந்த வடிவமே மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ' ஆகி, இந்தியப் படைகளுக்கும் காவல்துறைக்கும் போய்ச் சேர்ந்தது.

இத்தகைய துப்பாக்கியின் எஃகுச் சட்டகத்தை அடித்துக் கடைந்து செய்ய வேண்டும்; நேரமும் தேர்ந்த கையும் தேவை. எடை கூடுதல். ஆனால் அந்த எடைதான் சுடும்போது பின்னுதைப்பை வாங்கிக்கொண்டு அடுத்த குறியை விரைவில் பிடிக்க உதவுகிறது. விசை குறுகிய தூரமே நகர்ந்து தெளிவாக விடுபடுவதையும் பழகியவர்கள் விரும்புகிறார்கள். இந்தப் பற்றை வெறும் பழமை மோகம் என்று தள்ளிவிட முடியாது. கையில் உணரக்கூடிய காரணங்கள் அதற்கு உண்டு. குறையும் உண்டு: வியர்வையும் கடற்கரைக் காற்றும் பட்டால் துருப்பிடிக்கும், எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் 1970இலேயே பாலிமர் சட்டகத்தைக் கொண்டுவந்தது. ஆனால் திருப்பம் 1982இல், ஆஸ்திரிய ராணுவம் குளோக் 17ஐ ஏற்றபோதுதான் வந்தது. அச்சில் வார்த்த பாலிமர் சட்டகம், 17 தோட்டாக்கள், தோட்டா இல்லாமல் ஏறத்தாழ 625 கிராம் எடை. அமெரிக்கா 1911இல் ஏற்ற எஃகு கோல்ட்டோ சுமார் 1.1 கிலோ. எனினும் குளோக்கின் குழலும் அதன்மேல் நகரும் பகுதியும் எஃகுதான். குழல் சாய்ந்து பூட்டும் முறையும் பிரௌனிங் வழிவந்தது. இந்தியாவில் தேசியப் பாதுகாப்புப் படை குளோக்கைப் பயன்படுத்துகிறது.

உரிமம் பெற்ற தனியாரிடம் எஃகு நிலைத்ததற்குச் சட்டமும் காரணம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட அளவு. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதியும் நின்றது. எஞ்சியவை அரசுத் தொழிற்சாலைகளின் .32 துப்பாக்கிகளும், முன்பே நாட்டுக்குள் வந்திருந்த வெப்லி, கோல்ட் போன்றவையும். வரத்து நின்றதால் அந்தப் பழைய துப்பாக்கிகளின் விலை ஏறியது. அவை உரிமதாரர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கின்றன.

எஃப்.என். 2018இல் பிரௌனிங் தொடங்கி சைவ் முடித்த அந்த 9 மி.மீ. எஃகுத் துப்பாக்கியின் உற்பத்தியை நிறுத்தியது. 2022இல் அதன் உள்ளமைப்பை மாற்றி, எஃகுச் சட்டகத்துடனேயே மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது.