ஐயாயிரம் அடிக்கு மேல்

இலங்கை மலைநாட்டின் சூழற் சட்ட சரித்திரத்தை ஆராயப் புகுவோர், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். உரிமை நிரூபிக்கப்படாத வனமும் தரிசும் அரசினுடையனவே என்று அனுமானித்த அச்சட்டந்தான், கண்டிச் சீமையின் பெருங்காடுகளைக் கோப்பித் துரைமாருக்கு விற்க வழி திறந்தது.

விற்ற அரசே காக்கவும் முன்வந்த விசித்திரம் 1873இல் நிகழ்ந்தது. கியூ தாவரவியற் பூங்காவின் அதிபர் ஜோசப் ஹூக்கர் மலையுச்சிக் காடுகளைப் பேணுமாறு வற்புறுத்தியதன் பயனாக, 5,000 அடிக்கு மேற்பட்ட வனங்களை அழித்தல் தடுக்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய நதிகளுக்கு ஊற்றாகிய ஹோட்டன் சமவெளி தப்பியது அதனாலேதான். ஏற்கெனவே கைமாறிவிட்ட காணியை அத்தடை தீண்டவில்லை. ஏறத்தாழ 6,100 அடி உயரத்து நுவரெலியாவைச் சுற்றித் தேயிலை செழித்திருப்பதைக் காண்போர் இதனை நினைவிற் கொள்வாராக.

வரம்புக்குக் கீழே நிகழ்ந்ததோ வேறு கதை. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி மாண்டு தேயிலை வந்த பின்னரும், மலையிற் புல்லொன்றும் தலைகாட்டலாகாது என்ற துரைமாரின் பிடிவாதம் மாறவில்லை. சுரண்டியால் வழித்தெடுக்கப்பட்ட சரிவில் மழை விழுந்ததும் மேல்மண் கரைந்து கான் என்னும் வடிகாலில் இறங்கும். மறுநாட் காலை பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து மண்வெட்டியோடு செல்லும் தொழிலாளி, கானில் தேங்கிய அவ்வண்டலை வாரி மீண்டும் செடியடியில் வீசுவான். எந்தச் சட்டமும் விதியாமலே மண்ணைக் காத்தவன் அவன். அவன் வாரியது போக எஞ்சியது ஆற்றோடு போயிற்று.

மண்ணரிப்பைப் பற்றி 1931இல் ஒரு குழு அறிக்கையிட்டும், 1951இன் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் பிறக்க இருபது ஆண்டுகள் சென்றன. அரிப்புக்குள்ளாகும் பிரதேசங்களைப் பிரகடனஞ் செய்து காணிச் சொந்தக்காரரைப் பாதுகாப்பு வேலைகளுக்குக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அப்பொழுதுதான் அமைச்சருக்குக் கிட்டியது.

1980இன் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டமும், அதன்வழி அமைந்த மத்திய சுற்றாடல் அதிகார சபையும் பிற்காலத்தவை. பெருந்திட்டங்கள் தொடங்குமுன் அவற்றின் விளைவுகளை ஆராய்ந்து பொதுமக்களின் ஆட்சேபங்களையும் கேட்க வேண்டும் என்ற விதி, தலவாக்கலையின் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தில் உக்கிரமாகச் சோதிக்கப்பட்டது. சென் கிளயர் அருவியைக் காக்க எழுந்த குரல்களால் திட்டம் நெடுங்காலம் தாமதித்து, 2012இல் 150 மெகாவாற்றுடன் நிறைவேறியது. அருவி முற்றிலும் வறண்டு போகாதபடி பகற்பொழுதில் நீர் விடும் நிபந்தனையும் அதனோடு சேர்ந்தது.