சிதறும் சதுரம்: புள்ளலூர்ப் போரோவியமும் நம் நடுகற்களும்

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கும்பினியார் கைக்குப் போகும்வரை சேலம், நாமக்கல் சமவெளி மைசூர் ஆட்சியில் இருந்தது. சங்ககிரி மலைக்கோட்டையில் திப்புவின் படை நின்ற காலம் அது. அந்த ஆட்சியின் பெருவெற்றி ஒன்று, 1784இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர். மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்லும் அதே ஊர். கும்பினியாரின் கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். ஓவியர் அந்த வளைப்பையே படத்தின் அமைப்பாக்கிவிட்டார். செஞ்சட்டைச் சிப்பாய்கள் சதுரம் கட்டி நெருக்கியடித்து நிற்க, இரு பக்கமிருந்தும் குதிரைப்படை பாய்கிறது. தொலைவைச் சிறிதாக்கிக் காட்டும் மேல்நாட்டு முறை இங்கே இல்லை. அதனால் கண் தப்பியோட ஓர் அடிவானமும் இல்லை. எங்கே தொடங்கினாலும் நடுவுக்கே வந்து சேர்கிறது. அங்கே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. பல்லக்கில் காயத்தோடு உட்கார்ந்திருக்கும் பெய்லி விரலைக் கடிக்கிறார். திப்புவோ நிதானமாக ரோஜாவை முகர்கிறார். வெட்டுண்டு கிடக்கும் உடல்களைவிட அந்த ஒரு விரலில்தான் அழிவு முழுதும் தெரிகிறது என்பேன். பின்னாளில் இந்தச் சுவர் மீண்டும் மீண்டும் தீட்டப்பட்டது. வண்ணங்களை நம்பத் தயங்கலாம், அமைப்பை நம்பலாம்.

ஆனாலும் இது வென்றவன் பார்த்த அழிவு. குண்டுவீச்சில் அழிந்த ஊரைப் பற்றி 1937இல் பிக்காசோ தீட்டிய 'குவெர்னிகா'வில் குண்டு போட்ட விமானம் கிடையாது. அலறும் குதிரையும், இறந்த குழந்தையை ஏந்திய தாயும்தான் உண்டு. கொன்றவனைப் படத்துக்கு வெளியே நிறுத்தும் இந்த அமைப்பு நமக்குப் புதிதன்று. 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த தருமபுரிப் பகுதி நடுகற்கள் பலவற்றில் எதிரி இல்லை. வாளோ வில்லோ ஏந்திய வீரன் கல்லை நிறைத்து நிற்கிறான். அவன் உடம்பில் அம்புகள் தைத்திருக்கின்றன. காலடியில் சில சமயம் அவன் மீட்ட மாடுகள். மற்றதெல்லாம் வெறும் கல். அந்த வெறுமையை நான் புள்ளலூர்ச் சுவரின் நெரிசலுக்கு மேலாகவே வைப்பேன்.

இக்கற்களை வேடியப்பன் என்று கும்பிடும் ஊர்கள் இன்றும் உண்டு. உங்கள் ஊர் வரப்போரம் ஒன்று சாய்ந்து கிடந்தால், எனாமல் பெயின்ட் அடிப்பதற்கு முன் மாலைச் சாய்வெயிலில் ஒருமுறை பாருங்கள். அம்பு எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது அப்போது தெரியும்.