பழைய வேன்களின் தொங்கலமைப்பு வலுவூட்டல்

சஸ்பென்ஷன் எனப்படும் தொங்கலமைப்பு, வண்டிச்சட்டத்தைச் சக்கர அச்சுகளோடு இணைத்துச் சாலையின் அதிர்ச்சியைத் தாங்கும் பகுதியாகும். மலாக்காவின் புக்கிட் ஆசாஹான் முதலிய தோட்டப்புறச் செம்மண் பாதைகளிலும் ஜாசின், அலோர் காஜா நகரச் சாலைகளிலும் நெடுங்காலம் ஓடிய வேன்களில், இலைவில் எனும் எஃகுத் தகடுகளின் அடுக்கு வளைவு தளர்ந்து தாழ்ந்துவிடுகிறது. இத்தகைய வேனில் இழுவண்டியைப் பூட்டி இழுக்கும்போது, இழுவண்டியின் மொத்த எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு பின்னச்சுக்கு அப்பாலுள்ள கொக்கியை அழுத்துவதால், முன்சக்கரங்களின் சுமை குறைந்து, திசைதிருப்பலும் பிரேக்கின் பிடிப்பும் வலுவிழக்கின்றன. தளர்ந்த தகடுகளையும் எண்ணெய் கசியும் அதிர்வுதாங்கிகளையும் மாற்றிக் கூடுதல் தகடு சேர்ப்பது இத்தாழ்வைத் திருத்துமெனினும், அச்சுக்கும் டயருக்கும் தயாரிப்பாளர் வகுத்த சுமை வரம்பை அது உயர்த்துவதில்லை. அவ்வரம்பை மீறாதிருப்பதே உயிர்காக்கும் முதல் நெறியாகும். மலேசியாவில் வாகன அமைப்பு மாற்றங்கள் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கு உட்பட்டவை.